கிளாடிஸின் மழைக்கோட்டு

பிரிட்டா ஹோஸ்டெட்லரின் வரலாற்றை எழுத வருகிறவன் முதலில் அவளுடைய தோள்களைப் பற்றி எழுத வேண்டும். இந்தியானாவின் தெற்கே ஒரு வான்கோழிப் பண்ணையில் தீவன மூட்டை சுமந்து அகன்ற தோள்கள் அவை. எங்கள் தெருவில், என் வீட்டுக்கு நேர் எதிரே, வெள்ளைத் தூண்களோடு நிற்கும், கல்லூரிப் பெண்கள் சேர்ந்து தங்கும் சகோதரிச் சங்கத்து வீடு அந்தத் தோள்களின் மேல்தான் நிற்கிறது. இதை உவமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆகஸ்ட் மாதம் கல்லூரி திறப்பதற்கு முன், புதிதாகச் சேர்ந்த பெண்கள் சங்கம் சங்கமாகப் படியேறி வருவார்கள். எந்த வீடு தனக்கு ஏற்றது என்று அவர்களும், எந்தப் பெண் தங்களுக்கு ஏற்றவள் என்று வீட்டாரும் ஒரு வாரம் முழுக்கப் பல்லைக் காட்டிக்கொண்டே எடை போடுவார்கள். நம் ஊர்ப் பெண் பார்க்கும் சடங்குதான்; பஜ்ஜி கிடையாது, எலுமிச்சை ஜூஸ் உண்டு. கதவு திறந்ததும் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் தலைக்கு மேல் தலையாக நிலைவாசல் முழுவதையும் அடைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்துக் கைதட்டிப் பாட வேண்டும். கோயில் கோபுரத்துக்கு உயிர் வந்து சிரித்தால் எப்படியிருக்கும், அப்படி. இந்த அடுக்கில் மேலே இருப்பவளுக்கு அழகு தேவை. அடியில் மண்டியிட்டிருப்பவளுக்கு முதுகெலும்பு தேவை. அடி வரிசையின் நடுவில் பிரிட்டா. அவள் உச்சந்தலையில் மோவாயை ஊன்றிக்கொண்டு மேலே டேட்டம். இரண்டு பேரும் மூன்றாம் வருடம், ஒரே அறை.

ஒரே அறை மட்டுமல்ல, ஒரே வம்சம். சங்கத்தில் சேரும் ஒவ்வொருத்திக்கும் வீட்டில் ஏற்கெனவே இருப்பவர்களில் ஒரு அக்கா அமைவாள். அந்த அக்காவுக்கு ஒரு அக்கா இருப்பாள். இப்படி மேலே மேலே போனால் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்ட ஆதி அக்காக்கள் வரை எட்டலாம். பிரிட்டாவுக்கும் டேட்டத்துக்கும் வாய்த்த அக்கா ஒருத்தியே. ஜோஸ்லின் என்று பெயர், கடைசி வருடம். ஒரே அக்காவின் தங்கைகள் என்பதால் வீட்டில் இவர்களுக்கு இரட்டையர் என்று பட்டம்.

இந்த வம்சத்துக்கு ஒரு குலதெய்வம் உண்டு. கிளாடிஸ் என்ற சிமென்ட் வாத்து. எங்கள் பக்கத்தில் பாதி வீட்டு வாசலில் இப்படியொரு வாத்து நிற்கும். மழைக்கு மழை உடுப்பு, கிறிஸ்துமஸுக்குச் சிவப்பு உடுப்பு என்று அதற்குப் போட்டுப் பார்ப்பது இங்கே யாரும் கேள்வி கேட்காத ஒரு பழக்கம். கிளாடிஸ் மாடிப்படித் திருப்பத்தில் நின்றாள். அவளுக்கு இரண்டு வருடமாகத் துணி தைத்தவள் பிரிட்டா. பொறுப்பாளி ஜோஸ்லின். ஜோஸ்லின் மே மாதம் பட்டம் வாங்கிப் போகும்போது, இரட்டையரில் எவளுக்குத் தங்கை வாய்த்திருக்கிறதோ அவளிடம் கிளாடிஸ் போய்ச் சேரும். போன வருடம் புதுப்பெண்கள் குறைவு; இருவருக்கும் தங்கை வாய்க்கவில்லை. ஆகவே இந்த வருடம் வாரிசு வருடம்.

பிரிட்டாவுக்கு வாத்தைவிடத் தங்கைதான் பெரிது. பண்ணையில் மூன்று அண்ணன்களுக்கு நடுவே தலைமுடியைப் பின்னிவிட ஆளில்லாமல் வளர்ந்தவள் அவள். வாத்தும் வேண்டும் என்பதை அவள் என்னிடம் மறைக்கவில்லை. நாங்கள் ஊருக்குப் போகும் நாட்களில் எங்கள் நாய் பிஸ்கட்டைப் பார்த்துக்கொள்வது அவள்தான். எங்கள் சமையலறையில் உட்கார்ந்தால் அரண்மனை ரகசியம் ஒன்றுகூட அவள் வாயில் தங்காது.

அந்த ஆகஸ்டில் சில்வி வந்தாள். சிகாகோ பெண். ஒல்லி. ஜூஸ் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, கேட்க வேறொன்றும் தோன்றாமல், வீட்டில் விடுமுறைக்கு என்ன செய்வீர்கள் என்று பிரிட்டாவைக் கேட்டாள்.

"வான்கோழிக்கு ஊசி போடுவேன்."

"அது சும்மா இருக்குமா?"

"முதல் கோழி சும்மா இருக்கும். அதைப் பார்த்த மத்த கோழிதான் பிரச்சனை."

சில்வி சிரித்த சிரிப்பில் ஜூஸ் மூக்கு வழியாக வந்தது. வார இறுதியில் முடிவு சொன்னார்கள். தேர்வான பெண்கள் புல்வெளியில் தங்கள் தங்கள் வீட்டை நோக்கி ஓடிவர வேண்டும் என்பது முறை. சில்வி நேராக ஓடிவந்து பிரிட்டாவின் மேல் மோதினாள். பிரிட்டா அவளைத் தீவன மூட்டை போலத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனாள். தெருவே பார்த்தது.

ஆனால் தங்கை சட்டப்படி அமைவது அக்டோபரில். அதுவரை அக்காக்கள் புதுப்பெண்களைக் காபி கடைக்கு அழைத்துப் போவதும், பெண்கள் யோசிப்பதுமாக ஒரு காதல் காலம். கடைசியில் பெண்கள் தங்கள் விருப்பத்தைச் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் முழுக்கப் பழைய மாணவர் விழா ஊர்வலத்துக்கு வண்டி அலங்காரம். கோழி வலையை வளைத்து உருவம் செய்து, அதன் ஒவ்வொரு ஓட்டையிலும் வண்ணக் காகிதத்தைச் சுருட்டிச் செருக வேண்டும். விரல்தான் வேலை செய்யும். வாய்க்கு வேலை கிடையாது. அதனால் சங்கத்தின் பெரும்பாலான நட்புகளும் பெரும்பாலான துரோகங்களும் இந்த வலை ஓரத்தில்தான் தொடங்கும் என்பது என் கணிப்பு. இரட்டையர் இருவரும் ஒரு ராட்சதப் புலியின் வயிற்றை நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

"உனக்கு நிஜமா தங்கச்சி வேண்டாமாடி?" என்றாள் பிரிட்டா.

"கள்ளிச்செடி வாங்கி அதையே சாகடிச்சவடி நான். நீ எடுத்துக்கோ. கிளாடிஸையும் நீயே வெச்சுக்கோ, எப்படியும் நம்ம ரூமுக்குத்தானே வரப் போறா." டேட்டம் ஒரு காகிதத்தைச் செருகினாள். "சரி, எந்தளவுல இருக்கு சில்வி கதை?"

பிரிட்டா கொட்டினாள். சில்விக்குப் புளிப்பு மிட்டாய் என்றால் உயிர். ஜிகினாவைக் கண்டால் ஆகாது. வீட்டில் விட்டுவந்த மொட்டை வால் நாயை நினைத்து அழுகிறாள். அதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்றிருக்கிறாள்.

"நான் யாருகிட்டடி சொல்லப் போறேன்," என்றாள் டேட்டம்.

இரண்டு மஞ்சள் மழைக்கோட்டு தைத்து வைத்திருப்பதையும் பிரிட்டா சொன்னாள். ஒன்று கிளாடிஸுக்கு, அதே துணியில் மற்றொன்று சில்விக்கு. சொல்லி முடித்த மகிழ்ச்சியில், யாருக்கும் சொல்லாத இன்னொன்றையும் சொன்னாள். அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன். ஜனவரியில் படிப்பை நிறுத்தி வீட்டோடு போய்விடலாமா என்று ஒரு வாரம் தூக்கமில்லாமல் யோசித்தாளாம். பிறகு நடு அண்ணன் வேலையை விட்டு வந்துவிட்டான்; போக வேண்டியதில்லை என்றாகிவிட்டது.

"பாவம்டி நீ," என்று டேட்டம் அவள் தோளில் தலை சாய்த்தாள். அந்தத் தோள் அவளுக்குப் பழக்கப்பட்டதுதான்.

அக்டோபரில் முடிவு வந்தது. பிரிட்டாவுக்குத் தங்கை இல்லை. சில்வி வேறொருத்தியை முதலாவதாகச் சொல்லியிருக்கிறாள் என்று மட்டும் தெரிந்தது. யாரை என்பது ரகசியம். அந்த வாரம் முழுக்க அக்காக்கள் முகம் காட்டாமல் தங்கைகளின் கதவில் பரிசுக் கூடை வைப்பார்கள். வாரக் கடைசியில்தான் முகம் தெரியும்.

"போகட்டும் விடுடி, சின்னப் பொண்ணுங்க, புரியாது," என்று டேட்டம் ஆறுதல் சொன்னாள். துணி துவைக்கப் போகிறேன் என்று அந்த வாரம் தினமும் கிளம்பினாள். அவ்வளவு சுத்தமான பெண் அல்ல அவள்.

மூன்றாம் நாள் சில்வி நடைபாதையில் கூடையைக் கட்டிக்கொண்டு குதித்தாள். "அக்கா, பாருங்களேன். புளிப்பு மிட்டாய். ஒரு துளி ஜிகினா இல்ல. இதைப் பாருங்க." நாய் வடிவத் தலையணை ஒன்றை உயர்த்திக் காட்டினாள். அதன் வால் மொட்டையாக இருந்தது. "இது எப்படித் தெரிஞ்சுதுன்னே தெரியல. உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்."

இந்த வீட்டில் சில்வியைத் தவிர இரண்டே பேருக்குத் தெரிந்த வால் அது. அதில் ஒருத்தி பிரிட்டா. பிரிட்டா "ரொம்ப நல்லாயிருக்கு" என்றாள்.

விடை தெரியும் நாளில் ஒரு சடங்கு. ஒவ்வொரு தங்கைக்கும் ஒரு நிறக் கம்பளி நூல். அது வாசலில் தொடங்கி வீடெல்லாம் சுற்றி, எங்கோ ஒளிந்திருக்கும் அக்காவின் மணிக்கட்டில் முடியும். நூலைச் சுருட்டிக்கொண்டே போனால் அக்கா கிடைப்பாள். தங்கை வாய்க்காதவர்கள்தான் சும்மா இருப்பார்கள் என்பதால் நூல் கட்டும் வேலை அவர்களுக்கு. தலைவி வந்து ஊதா நூல்கண்டைப் பிரிட்டாவின் கையில் கொடுத்தாள். "சில்வியோடது. சலவை அறையில போய் முடி."

பிரிட்டா நூலை வாசல் கைப்பிடியில் கட்டி, சாப்பாட்டு மேசைக் கால்களுக்கிடையே விட்டு, மாடி ஏற்றி, கிளாடிஸின் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, இறக்கி, சலவை அறைக்கு வந்தாள். உலர்த்தும் இயந்திரத்தின் மேல் டேட்டம் உட்கார்ந்திருந்தாள்.

"நானே சொல்லணும்னுதான் இருந்தேன்."

"கையை நீட்டு."

"அவளா கேட்டாடி. நான் என்ன பண்றது?"

பிரிட்டா முடிச்சுப் போட்டாள். நூலின் முனையைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டால் யாரால் என்ன செய்ய முடியும் என்று ஒரு கணம் தோன்றியதாம். பண்ணைப் பெண், முடிச்சு சரியாகவே விழுந்தது.

"கோபமா?" என்றாள் டேட்டம்.

"இறுக்கமா இருக்கா?"

"கொஞ்சம்."

"அப்ப சரியா இருக்கு."

நூலைச் சுருட்டிக்கொண்டே மாடியேறி வந்த சில்வி, வாத்தின் அருகே நின்ற பிரிட்டாவைக் கண்டு முகம் மலர்ந்து, நூல் இன்னும் கீழே போவதைக் கண்டு நின்றாள். "நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"வழி சொல்றேன். கீழே இறங்கிப் போ."

கீழிருந்து கூச்சல் கேட்டது. பெரும் மகிழ்ச்சிக் கூச்சல்தான்.

இதற்குப் பிரிட்டா எடுத்த பழிவாங்கும் நடவடிக்கையை வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும். அவள் தைப்பதை நிறுத்தினாள். பழைய மாணவர் விழாவுக்குப் போட்ட கால்பந்துச் சட்டையோடு கிளாடிஸ் நவம்பரில் நன்றித் திருநாளைக் கண்டாள். அதே சட்டையோடு டிசம்பர் நடன விருந்துக்குப் பெண்கள் பட்டு உடுத்திப் படியிறங்குவதைப் பார்த்தாள். கிறிஸ்துமஸுக்கும் அதே. டேட்டம் கடையில் ஒரு சிவப்பு அங்கி வாங்கி வந்தாள். அது வாத்தின் கழுத்துக்குள் நுழையவில்லை. "சொல்லேன்டி அவகிட்ட," என்று பெண்கள் ஜோஸ்லினிடம் முறையிட்டார்கள். "வாத்து குளிருதுன்னு சொல்லிச்சா?" என்றாள் ஜோஸ்லின்.

வாத்துக்காகத் தைத்த மழைக்கோட்டு ஒரு நாள் பிஸ்கட்டின் மேல் ஏறியது. கழுத்துதான் நீளம், மற்றபடி கனகச்சிதம். சில்விக்குத் தைத்தது பெட்டிக்குள் போனது.

மார்ச்சில் தர்ம நிதிக்காகப் பான்கேக் விற்கும் காலை. ஒரே தோசைக்கல்லில் சில்வியும் பிரிட்டாவும் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க எப்ப அக்கா ஊருக்குப் போறீங்க?" என்றாள் சில்வி.

"எந்த ஊருக்கு?"

"ஜனவரியில நீங்க படிப்பை நிறுத்திட்டுப் போயிடுவீங்கன்னு டேட்டம் சொன்னாங்களே. அப்பாவுக்கு உடம்பு சரியில்லன்னு. பாதியில அக்கா போயிட்டா தங்கச்சி அனாதையாமே, வீட்ல அப்படித்தான் கூப்பிடுவாங்களாமே." அவள் கரண்டியைப் பார்த்தாள். "எனக்குப் பயமா இருந்துச்சு. அதான் உங்களைச் சொல்லல. ஜனவரி போச்சு, பிப்ரவரியும் போச்சு, நீங்க போகவே இல்ல."

பான்கேக் கருகியது. இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

"என்னைத் தத்து எடுத்துக்கோங்க அக்கா. அனாதையைத் தத்து எடுக்கலாம்னு விதி இருக்காமே."

"அது அனாதைக்கு. உன் அக்கா உயிரோட மாடியில முடி காய வெச்சுக்கிட்டு இருக்கா."

"எனக்கு நீங்கதான் வேணும்."

"அதை அக்டோபர்ல சொல்லியிருக்கணும் கண்ணு. தட்டை எடு, ஆள் நிக்குது."

அன்று அறையில் பிரிட்டா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். டேட்டம் முடியைச் சீவிக்கொண்டே பதில் சொன்னாள். "நான் பொய் ஒண்ணும் சொல்லலையேடி. போகலாமான்னு யோசிக்கிறேன்னு நீதானே சொன்னே. நான் அதைத்தான் சொன்னேன்."

"போகலன்னும் சொன்னேன்."

"அது மறந்துபோச்சு."

மறதி ஒரு நோய் என்பதால் சங்கத்தின் ஒழுங்குக் குழுவில் அதற்குத் தண்டனை கிடையாது. பிரிட்டா அங்கே போகவும் இல்லை. அவள் எங்கள் வீட்டுக்கு வந்து, பிஸ்கட்டின் காதை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள். "அவ திருடியிருந்தாகூடப் பரவாயில்ல. நான் அழுததை எடுத்துல்ல வித்திருக்கா," என்றாள்.

மே மாதம் விடைபெறும் விழா. படித்திருப்பத்தில் வம்சத்தார் கூடினார்கள். ஜோஸ்லின் முறைப்படி கிளாடிஸை டேட்டத்திடம் ஒப்படைத்தாள். வாரிசு தன் கையாலேயே தூக்கித் தன் அறைக்குக் கொண்டுபோக வேண்டும்; கல்லூரி திறக்கும்போது வாத்து மறுபடி படித்திருப்பத்துக்கு வரும். டேட்டம் கட்டிப்பிடித்து முக்கினாள். வாத்து அசையவில்லை.

"பிரிட்டா, ஒரு கை குடேன்டி."

எல்லோரும் பிரிட்டாவைப் பார்த்தார்கள். அவள் குனிந்தாள். கால்பந்துச் சட்டையின் பொத்தான்களை நிதானமாகக் கழற்றி, உருவி, மடித்து, பையில் வைத்தாள். அலமாரியிலிருந்த தொப்பி, அங்கி, சால்வை எல்லாம் அந்தப் பையில் ஏற்கெனவே இருந்தன. பிறகு கிளாடிஸை ஒரே தூக்கில் தூக்கி, அறைக்குள் டேட்டத்தின் கட்டிலருகே வைத்தாள்.

"வாத்து உன்னுது," என்றாள். "துணி என்னுது."

ஜோஸ்லின் சிரிப்பை அடக்க இருமினாள். சில்வி சிரிக்கவில்லை.

மறுபடி ஆகஸ்ட். இம்முறை மழை. கதவு திறந்தது, தலைகள் அடுக்கின. அடி வரிசை நடுவில் பிரிட்டா, அவள் பக்கத்தில் இப்போது சில்வி, பிரிட்டாவின் உச்சந்தலையில் டேட்டத்தின் மோவாய். பற்றிய கையை விடாத சகோதரிகளைப் பற்றி உரக்கப் பாடினார்கள். உள்ளே படித்திருப்பத்தில் கிளாடிஸ் பிறந்த மேனியாக நின்றாள்.

நான் பிஸ்கட்டை நடத்திக்கொண்டு அவர்கள் வாசல் வழியாகப் போனேன்.

"அக்கா," என்றாள் சில்வி, கைதட்டுவதை நிறுத்தாமல். "அந்த நாய் போட்டிருக்கிற கோட்டு, கழுத்து ஏன் அவ்ளோ நீளம்?"

"பாட்டைப் பாடு."

"கிளாடிஸுக்குத் தெச்சதுதானே? எனக்கும் சேர்த்து ரெண்டு தெச்சீங்களா?"

பிரிட்டா பாட்டை இன்னும் உரக்கப் பாடினாள். அவள் தோள் லேசாகக் குலுங்கியது. மேலே மொத்த அடுக்கும் ஒரு தரம் ஆடியது.

"பிரிட்டா, அசையாதேடி," என்று மேலிருந்து பல்லைக் கடித்துச் சிரித்தபடி சொன்னாள் டேட்டம். "நான் விழுந்துடுவேன்."

"தெரியும்," என்றாள் பிரிட்டா.