பின்னால் நின்றவன் முன்னால் ஓடினான்

எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தேகாப்பியாசம் என்று ஒரு பாடம் வந்தபோது ஊரே சிரித்தது. விடிய முன்னம் எழும்பி வயல் வட்டைக்கும் கடலுக்கும் போகிற ஊரில், பிள்ளைகளுக்குக் கைகால் ஆட்டக் காட்டிக்கொடுக்கச் சம்பளத்துக்கு ஓர் ஆள்!

அந்த ஆள், பாவம், தங்கமான மனுசன். மட்டக்களப்பு நகரத்திலிருந்து சைக்கிளில் வருவார். எங்கள் ஊர் மணலில் சில்லுப் புதைந்து, பாதி வழி அதை உருட்டிக்கொண்டுதான் வருவார். எங்களை வரிசையாக நிறுத்தித் தலைக்கு மேலால் தேங்காய் கைமாற்றச் சொல்வார். ஒருவன் தவறவிட்டால் முழு வரிசையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு பேரின் கால்களைச் சேர்த்துக் கட்டி ஓடவிடுவார். "தனியக் கெட்டிக்காரனா இருக்கிறவன் எனக்குத் தேவையில்ல" என்பார். அந்தப் பேச்சு எனக்கு வெகுவாகப் பிடித்தது. நான் தனியாக ஒன்றிலும் கெட்டிக்காரன் இல்லையே.

என் காலோடு கட்டப்பட்டவன், வகுப்பில் என்னோடு ஒரே வாங்கில் இருக்கும் தோழன், கரைவலைக்காரர் ஒருவரின் மகன். அந்த வயதிலேயே தென்னங்குற்றி மாதிரி இருப்பான். நான் தடுக்கி விழப்போனால் என்னை இடுப்போடு தூக்கிக்கொண்டு ஓடி முடிப்பான். அவன்மேல் எனக்கு உயிர். அவனுடைய தகப்பனோ அந்த வருஷத்தோடு படிப்பை நிற்பாட்டி அவனை வலைக்குக் கொண்டுபோவதென்று ஒற்றைக்காலில் நின்றார். டிறில் வாத்தியார் அவரைத் தேடி, வலைக்காரர் தங்கும் வாடிக்கே போனார். விடுவேனா, நானும் ஒட்டிக்கொண்டு போனேன்.

"அங்க என்னத்தைப் படிக்கிறான்? கையைத் தூக்கு, காலைத் தூக்கு. அதை நான் கடற்கரையில படிப்பிக்க மாட்டனா, வாத்தியார்?"

"ஒருக்கா வந்து பாருங்க. டவுண் பள்ளிக்கூடத்தோட கயிறு இழுக்கப் போறம். பார்த்திட்டு முடிவைச் சொல்லுங்க."

கயிறு என்றதும் அவருடைய முகம் கொஞ்சம் இளகியது. "சரி, வாறன். என்ட வலைக் கயித்தையே கொண்டு போங்க. வெண்டா இவன் படிக்கட்டும். தோத்தா அடுத்த நாளே வலைக்கு வந்திரவேணும்."



கரைவலை இழுப்பதில் ஒரு முறை உண்டு. கயிறு கரையேற ஏற, வரிசையின் கடைசியில் நிற்பவன் பிடியை விட்டுவிட்டுத் தண்ணீர் ஓரத்துக்கு ஓடி, முன்னால் போய் மறுபடி பிடிப்பான். பிறகு அவனுக்கு அடுத்தவன். அப்படி மாறி மாறி ஓடினால்தான் வலை நிற்காமல் வரும். எவனாவது பிந்தினால் என் தோழனின் தகப்பன் கத்துவார்: "பின்னால நிக்கிறவன் முன்னால ஓடு!" அந்தக் குரலுக்குப் படுத்திருக்கிற நாயும் எழும்பி ஓடும். லீவு நாட்களில் நாங்கள் எல்லாரும் அந்த வலையில் தொங்கியவர்கள்தான். ஆளுக்குக் கொஞ்சம் மீன் கிடைக்கும்.

போட்டியன்று நகரத்துப் பிள்ளைகள் வெள்ளைக் காற்சட்டையோடு வந்து இறங்கினார்கள். நாங்கள் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றோம். என் தோழனைக் கயிற்றின் கடைசியில் நிறுத்திய வாத்தியார், "என்ன வந்தாலும் நீ அசையப்படாது" என்றார். எங்கள் பலம் முழுக்க அவன்தான்.

வாத்தியார் விசில் ஊதினார். உள்ளங்கை தீயாய் எரிந்தது. கொஞ்ச நேரம் கயிறு அங்கும் இல்லை, இங்கும் இல்லை. பிறகு, ஐயோ, எங்கள் பக்கம் வரத் தொடங்கியது! நடுவில் கட்டிய சிவப்புத் துண்டு கோட்டைத் தொடப்போகிறது. சனம் குதிக்கிறது. அப்போது வேலியோரத்திலிருந்து அந்தக் குரல் வெடித்தது.

"பின்னால நிக்கிறவன் முன்னால ஓடு!"

ஓடினானே! கயிற்றைப் போட்டுவிட்டு, எங்கள் எல்லாரையும் தாண்டி ஓடிப்போய்க் கோட்டடியில் பிடித்தான். அவனுக்கு முன் நின்றவனும் அவன் பின்னாலேயே பறந்தான். அடுத்தது என் முறை என்று என் காலும் கிளம்பிவிட்டது. நகரத்துப் பிள்ளைகள் ஒரே இழுவையில் மீதிப் பேரைக் குப்புற விழுத்தினார்கள்.

சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. என் தோழன் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினான். நாளைக்கு அது வலைக்கு வேண்டுமே. எனக்கு அழுகை வந்துவிட்டது.

தகப்பன் வந்தார். வாத்தியாரின் முன்னால் நின்று தலையைச் சொறிந்தார். கடலுக்கே அதட்டல் போடுகிற மனுசன் அப்படி நின்றதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"பொடியன்மார் தோக்கல்ல, வாத்தியார். என்ட வாயாலதான் தோத்தது. கயிறு வாறதைக் கண்டா எனக்கு ஒண்டும் விளங்கிறல்ல. வாற வருசமும் இழுப்பீங்கதானே? அதுவரைக்கும் இவன் படிக்கட்டும்."

நான் பாய்ந்துபோய் என் தோழனின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் அவர் சால்வையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு அதே வேலியோரத்தில் நின்றார். கண் இரண்டும் பிதுங்கின, சத்தம் மட்டும் வரவில்லை. அப்படியும் தோற்றோம். நகரத்துப் பிள்ளைகளுக்கு உண்மையாகவே எங்களைவிடப் பலம் கூட. நானும் என் தோழனும் மண்ணில் கிடந்தபடி அவருடைய முகத்தைப் பார்த்தோம்.

அவர் சால்வையை வாயிலிருந்து எடுத்து உதறினார்.

"இன்னொரு வருசம் பாப்பம்" என்றார்.