கரடியின் கிளாஸ்

எக்கேஹார்ட் பாகல் என்ற பெயரை நான் முதன்முதல் கேட்டது ஒரு ஜூன் மாதம், என் அண்ணன் ஷெங் வீட்டு வாசலில். அதற்கு நாலு மாதம் முன்பே அந்த மனிதரின் கன்னத்தில் முத்தம் கொடுத்திருந்தேன்.

பிப்ரவரியில் எங்கள் ஜெர்மனியில், கொலோன் நகரில் வேஷத் திருவிழா, ஆறு நாள். போலந்து எல்லைப் பக்கத்திலிருந்து சும்மா பார்த்துவிட்டுப் போக வந்த ஒரு கரடி எங்கள் மதுக்கடையில் மாட்டிக்கொண்டது. காது வைத்த குல்லாய், முகமெல்லாம் பழுப்புச் சாயம். முதல் நாள் சுவரோரம் நின்றது, மூன்றாம் நாள் மேசைமேல் ஆடியது. ஷெங் கட்டிப்பிடித்துக்கொண்டு, "மூக்கப் பாரு, அசல் எங்க பெரியப்பா மூக்கு! நீ எங்க ஆளுடா. எப்ப வேணா வா, எங்க வீட்டுல படு" என்றான். நானும் என் பங்குக்கு, "போகாதடா கரடி, உனக்கு சூப்பு நான் வைக்கிறேன்" என்றேன். எல்லாரிடமும் சொல்வதுதான். திருவிழா முடிந்த மறுநாள், சாம்பல் புதனன்று, மீன் தின்றுவிட்டு மறந்துவிடுவோம். இங்கே பிறந்தவர்களுக்கு அது தெரியும்.

ஜூனில் இரண்டு பெட்டியோடு வந்து நின்றார்.

"யாரு வேணும்?" என்றான் ஷெங்.

"எக்கேஹார்ட் பாகல்ங்க. கரடி... வரச் சொன்னீங்களே. வீட்ட வித்துட்டு வந்துட்டேன். அங்க எனக்கு யாரும் இல்ல."

ஷெங் என்னைப் பார்த்தான். நான் பெட்டிகளைப் பார்த்தேன். "ஸ்டேஷன் பக்கம் நல்ல ஓட்டல் இருக்குங்க" என்றான் ஷெங். என் வீட்டில் ஓர் அறை காலியாகத்தான் கிடந்தது. நான் வாயே திறக்கவில்லை.

அவர் திரும்பிப் போகவில்லை; இங்கேயே ஓர் அறை எடுத்துக்கொண்டார். ஒன்பது வருஷமாக மாலை ஐந்தானால் மதுக்கடையின் கடைசி மேசையில் இருப்பார். தன் ஊரில் நிலம் அளந்தவர். கைக்குட்டையால் மேசையை மூலைக்கு மூலை துடைத்துவிட்டுத்தான் உட்காருவார். எங்கள் உறவுமுறையெல்லாம் மனப்பாடம். "உங்க சித்தி மக லிஸ்பெத்துக்கு இன்னிக்குப் பொறந்த நாளுங்க" என்று எனக்கே நினைவுபடுத்துவார். நன்றி சொல்லிவிட்டு என் மேசைக்குப் போவேன்.

கிளாஸுக்கு அடியில் வைக்கும் அட்டையை எடுத்து, போதும் என்று கிளாஸ்மேல் கவிழ்த்து மூடும்வரை, பரிமாறுகிறவர் கேட்காமலே அடுத்த பீரைக் கொண்டுவந்து வைப்பார். பாகல் ஒருநாளும் மூடியதில்லை. கூப்பிடாமல் அவரிடம் வருகிறவர் இந்த ஊரில் பரிமாறுகிற மத்தேஸ் ஒருவர்தான்.

"கரடியாரே, முன்னால வெச்சதே நுரை செத்துக் கெடக்கு. அட்டையக் கவுத்தா கை சுளுக்கிக்குமா?"

"இன்னொண்ணு கொண்டா மத்தேஸ்."

"குடிக்கவா, குளிக்கவா?"

அந்தத் திட்டுக்குப் பாகல் முகம் மலர்ந்துவிடும்.

இந்த வருஷத் திருவிழாவுக்கு அந்தப் பழைய குல்லாயைப் போட்டுக்கொண்டு, சாயம் பூசி வந்தார். கடைக்குள் நுழைந்ததும் கூட்டம் தூக்கிக்கொண்டது. ஷெங் பாய்ந்து வந்து கட்டிக்கொண்டான்.

"எந்த ஊரு கரடிடா நீ? மூக்கப் பாரு, அசல் எங்க பெரியப்பா மூக்கு! எப்ப வேணா வா, எங்க வீட்டுல படு!"

பாகல் கடைசி மேசைக்குப் போய் உட்கார்ந்தார். மத்தேஸ் தட்டோடு வந்தபோது, அட்டையை எடுத்துக் கிளாஸ்மேல் கவிழ்த்தார்.

இப்போது அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், கால்க் பகுதியில், முதியோர் இல்லத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறார். என் வீட்டிலிருந்து டிராமில் பதினோரு நிமிஷம்தான். இன்னும் போய்ப் பார்க்கவில்லை.