காட்டேரியக்காவும் காதல் நாவல்களும்

"விரலை நல்லா மடக்குங்க. மூச்செல்லாம் பிடிக்க வேண்டாம், இது எக்ஸ்ரே இல்லை" என்று சொல்லிக்கொண்டே ரப்பர் பட்டையை இறுக்கி, முழங்கை மடிப்பை இரண்டு விரலால் தட்டுகிறார். ஊசி உள்ளே போனது தெரியவில்லை. தெரிவதற்குள் குப்பி நிறைந்து, பஞ்சு வைத்தாகிவிட்டது. "ரெண்டு நிமிஷம் அழுத்திப் பிடிங்க. ஆயிடுச்சான்னு எட்டிப் பாத்தா நீலம் பாரிச்சுடும்." அடுத்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவதற்குள் கையுறையை உருவிப் போட்டு, மேசை இழுப்பறையைத் திறந்து அரைப் பக்கம் படித்துவிடுகிறார். இழுப்பறையில் இருப்பது காதல் நாவல். அட்டையில் ஒரு பெண், அவள் கழுத்தருகே ஒருவன், அவனுக்குப் பின்னால் முழு நிலா.

பகல் முழுக்க ஊர் ரத்தத்தை உறிஞ்சிவிட்டு இடைவேளையில் ரத்தக்காட்டேரிக் காதல் படிக்கிறவரை வேறு என்ன சொல்லி அழைப்பது? பரிசோதனை நிலையத்தில் எல்லோருக்கும் அவர் காட்டேரியக்கா. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரையின் தயவால் அங்கே போகிற எனக்கும் அப்படித்தான். பேரைச் சொன்னால் திரும்புவதில்லை. "என்னையா கூப்பிட்டீங்க? எவளையோன்னு நினைச்சேன்" என்பார்.

ரசித்துப் படிக்கிறார் என்று நினைத்துவிடக் கூடாது. திட்டிக்கொண்டே படிப்பார். ஒரு கதையில் நாயகன் கதவுக்கு வெளியே நின்று மோப்பம் பிடித்தே நாயகியின் ரத்த வகையைச் சொல்லிவிட்டான். அக்காவுக்குக் கோபமான கோபம். "எனக்கு ஸ்லைடு வேணும், மருந்து வேணும், வெளிச்சம் வேணும். இவனுக்கு மூக்கு போதுமாம். இவனை இங்க வேலைக்கு வச்சா எங்க அத்தனை பேருக்கும் சீட்டுக் கிழிஞ்சுடும்."

நாவல்கள் கடைத்தெரு முனையில் இருக்கும் வாடகை நூலகத்திலிருந்து வருபவை. ஓரங்களில் பென்சிலால் அக்கா எழுதிவைப்பார். 'முந்நூறு வயசாச்சு, இன்னும் ஒரு பொண்ணுகிட்ட பேர் கேக்கத் தெரியலை.' 'பன்னிரண்டாம் பக்கத்தில் கண் நீலம், ஐம்பதில் பச்சை. கண் டாக்டரைப் பார்க்கவும்.' ஐந்தாவது முறையாக மயங்கி விழும் நாயகிக்குப் பக்கத்தில் ஒரே வார்த்தை: 'ஹீமோகுளோபின்?'

இவ்வளவு அலுத்துக்கொள்கிறவர் ஏன் விடாமல் படிக்கிறார்? ஒருநாள் கேட்டேன். குப்பியில் என் பேரை எழுதி ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"படிப்பு முடிச்சப்போ விடுதியில ஒரு புத்தகம் கிடைச்சுது. அட்டை இல்லை, முதல் பத்துப் பக்கம் இல்லை. ஒரே ஆபீஸ்ல ரெண்டு பேர். கதை முழுக்க எலியும் பூனையுமா இருப்பாங்க. அவளுக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் லீவு. திரும்பி வந்தா அவ வேலை மொத்தமும் முடிஞ்சிருக்கும். யாரு செஞ்சதுன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. கையெழுத்தைப் பாத்து அவளே கண்டுபிடிப்பா. அவ்வளவுதான் கதை. மூணு நாள் எனக்குச் சோறு இறங்கலை." மேசை இழுப்பறையைப் பாதி திறந்து மூடினார். "அதே மாதிரி இன்னொண்ணு எங்கயாவது இருக்கும்ல? அதுக்குத்தான் ஒவ்வொண்ணாத் திறந்து பாக்கறேன். கரெக்டா நாப்பதாம் பக்கத்துல பேய் வந்து நிக்குது."

அக்காவின் வீட்டுக்காரர் மின்தூக்கி பழுது பார்ப்பவர். "அவர் என்கிட்ட காதல்னு ஒரு வார்த்தை பேசினதில்லை. லிஃப்டைப் பத்தி நிறையப் பேசியிருக்கார்" என்று சொல்லும்போது அக்கா முகத்தில் குறையொன்றும் தெரிவதில்லை.

போன வருடக் கடைசியில் வினை வந்தது. வாடகை நூலகக்காரரிடம் யாரோ புத்தகம் முழுக்கக் கிறுக்கியிருக்கிறது என்று புகார் சொல்ல, அவர் உறுப்பினர் படிவங்களை எடுத்துக் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார். அக்கா போய் நின்றதும், "ஏம்மா, ரத்தம் எடுக்கிற கை இப்படியா பண்ணும்? இனிமே உங்களுக்குப் புத்தகம் கிடையாது" என்றார். அக்காவுக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது. ஆனால் மழுப்பவில்லை. "நான்தான். எல்லாத்தையும் நானே அழிச்சுத் தர்றேன், விடுங்க" என்று ரப்பர் வாங்கிக்கொண்டு வந்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து அழித்தார்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைதான் அது கண்ணில் பட்டது. முந்நூறு வயசுக் குறிப்புக்குக் கீழே, நீல மையில், பொடிப்பொடியாக வேறு யாரோ எழுதியிருந்தார்கள்: 'பயமாக இருந்திருக்கும். எனக்கு ஐம்பது ஆகிறது. எனக்கும் பயம்தான்.' அடுத்த புத்தகத்திலும் நீல மை. அதற்கடுத்ததிலும். 'எப்படி முடியும் என்று முதல் பக்கத்திலேயே தெரிகிறதே, பிறகு ஏன் படிக்கிறார்கள்?' என்று அக்கா எரிச்சலோடு எழுதிய இடத்தில், 'தெரியும் என்பதால்தான்' என்றிருந்தது.

அக்கா அந்தப் பக்கத்தை மட்டும் அழிக்கவில்லை.

பரிசோதனை நிலையமே கூடிக் கும்மியடித்தது. "அக்கா, உங்களுக்கும் ஒரு ஹீரோ வந்துட்டார்! நீல மை நாயகன்!" அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். "ஆம்பளையா மட்டும் இருக்கக் கூடாது. இருந்தா என் கதையும் அதே நாவலாப் போயிடும். அதை வேற நான் படிச்சுத் தொலைக்கணும்."

ஆள் யாரென்று சொல்ல நூலகக்காரர் மறுத்துவிட்டார். ஆனால், "வியாழக்கிழமை சாயங்காலம் இந்தப் பக்கம் வந்தா உங்களுக்கு நல்லது" என்று வாயை விட்டுவிட்டார். அக்கா அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனார்.

வந்தது ஒரு பெண். பேருந்து இருக்கைகளுக்கு உறை தைக்கும் பட்டறையில் வேலை. விரல் நுனியெல்லாம் ஊசிக் குத்து.

"நீங்கதான் பென்சிலா?" என்றார் அவர்.

"நீங்கதான் நீல மையா? எப்படிங்க அதையெல்லாம் போய் ரசிக்கிறீங்க? எல்லாம் ஒரே அச்சு" என்று அக்கா எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்துவிட்டாராம். சண்டை போடுகிற தயாரிப்போடுதான் போயிருந்தார்.

தையற்காரம்மா கோபப்படவில்லை. "ரசிச்சேன்னு யாருங்க சொன்னா? என் வீட்டுக்காரர் நாலு மாசம் ஆஸ்பத்திரியில. உடம்பு முழுக்கக் கிருமி பரவிடுச்சு. அந்த வராந்தாவுல உக்காந்து படிச்சதுதான் எல்லாம். கதவு திறந்தா டாக்டர் என்ன சொல்லுவாருன்னு தெரியாது. ஆனா கையில இருக்கற புத்தகத்துல எனக்கு எல்லாமே தெரியும். கடைசியில ரெண்டு பேரும் பொழைச்சுக்குவாங்க. மாத்திரை மாதிரி. ருசிக்காகவா முழுங்கறோம்?"

"சண்டையை மறந்து பக்கத்துல உக்காந்துட்டேன்" என்றார் அக்கா என்னிடம். "இத்தனை வருஷமா ரத்தம் எடுக்கறேன். வெளியில உக்காந்திருக்கறவங்க என்ன படிக்கறாங்க, ஏன் படிக்கறாங்கன்னு ஒரு நாளும் யோசிச்சதில்லை."

தையற்காரம்மா இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். "இப்போ அவர் வீட்டுக்கு வந்துட்டார். சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறார். போன வாரம் ஒரு நாவலை எடுத்தேன், பாதியில தூங்கிட்டேன். எனக்கும் சலிப்புத் தட்டிடுச்சு பாருங்க! அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு."

அன்றைக்கு இருவரும் கடை மூடும்வரை பேசியிருக்கிறார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த நூலகக்காரர், மறுநாள் ஒரு கோடு போட்ட நோட்டை நூல் கட்டி ஆணியில் தொங்கவிட்டார். 'கிறுக்குவதாக இருந்தால் இதில் கிறுக்கவும்.' பென்சிலும் நீல மையும்தான் முதலில் எழுதின. பிறகு மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். 'கதாநாயகி எப்போதுதான் சாப்பிடுவாள்?' என்று ஒருவர். 'நாற்பது வயதுக்கு மேல் காதல் வராதா? கேட்டுச் சொல்லவும்' என்று இன்னொருவர். மாதம் ஒருமுறை புத்தகக் கட்டுகளோடு வரும் பதிப்பகத்தின் விற்பனைப் பிரதிநிதி அதை நின்றபடியே படித்துவிட்டு, ஏழெட்டுப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

அதனால்தானா என்று எனக்குத் தெரியாது. இந்த மாதக் கட்டில் பேயே இல்லாத ஒரு காதல் நாவல் வந்திருந்தது. அக்கா ஒரே மூச்சில் படித்தார். "பேய் இல்லை. காதலும் இல்லைங்கறது வேற விஷயம். பரவாயில்லை, ஒரு வியாதி குணமாயிருக்கு. அடுத்த மாசம் பாப்போம்" என்றார். அந்த 'பாப்போம்' என்பதில் இருபது வயதுப் பெண்ணின் ஆவல் அப்படியே இருந்தது.

சென்ற வாரம் நான் முறைக்காகக் காத்திருந்தபோது, தையற்காரம்மா தன் வீட்டுக்காரரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். ஒல்லியான மனிதர், சட்டை இரண்டு சுற்றுப் பெரிதாகத் தொங்கியது. அறையின் பச்சைத் திரை விலகியே இருந்தது; அவர் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். நான்கு மாத ஊசிகளுக்குப் பயந்து நரம்பெல்லாம் எங்கோ ஒளிந்துகொண்டிருந்தது. அக்கா தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், கையைத் திருப்பிப் பார்த்தார். குத்திப் பார்க்கவில்லை.

"கை ஐஸா இருக்கு. அதான் கிடைக்க மாட்டேங்குது" என்று ஊசியை மூடித் தட்டில் வைத்தார்.

யாரும் சொல்லாமலே தையற்காரம்மா கணவருக்கு முன்னால் தரையில் மண்டியிட்டு, அந்தக் கையைத் தன் இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்துவிட்டு, குனிந்து ஊதினார். மறுபடி தேய்த்தார்.

"விடு, எல்லாரும் பாக்கறாங்க" என்றார் அவர்.

"பாக்கட்டும்."

வெளியே பதினோரு பேர் வெறும் வயிற்றோடு காத்திருந்தோம். "என்னம்மா, ரொம்ப நேரமாகுமா?" என்று ஒருவர் குரல் கொடுத்தார். காட்டேரியக்கா எழுந்து வந்து, அவர்கள் இருவரையும் உள்ளே விட்டு, பச்சைத் திரையைச் சத்தமில்லாமல் இழுத்து மூடினார். பிறகு எங்களோடு வெளியிலேயே நின்றுகொண்டார்.