தேசிக்காய்க் காப்பும் பழ ஈச் சாவடியும்

எழுபதுகளின் நடுவில் ஒரு லீவுக்குச் சிட்னியிலிருந்து அடிலெய்டுக்குத் தனியே சைக்கிளில் போனேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு பதில் சொன்னேன்; ஒன்றும் உண்மையில்லை. சிட்னியில், வென்ட்வேர்த்வில்லில் என்னோடு ஒரே வீட்டில் இருந்த நண்பன் மட்டும் காரணம் கேட்கவில்லை. எனக்கு மண்டை பழுது என்று அவன் எப்போதோ முடிவு கட்டியிருந்தான்.

புறப்பட்ட அன்று அவன் வாசலில் ஒரு தேசிக்காயை வைத்து, அதன்மேல் ஏறிப் போ என்றான். வாகனம் பயணம் கிளம்பும்போது எலுமிச்சையைச் சில்லால் நசுக்குவது நம்மவர் வழக்கம். நான் நாத்திகம் பேசித் திரிந்தவன். ஆனாலும் போகிற நேரத்தில் சண்டை எதற்கென்று ஏறினேன். காருக்கு நசியும் தேசிக்காய் சைக்கிளுக்கு நசியவில்லை. அது ஒரு பக்கம் உருள, நான் மறுபக்கம் பக்கத்து வீட்டு ரோசாச் செடிக்குள் விழுந்தேன்.

அவன் சிரிக்கவில்லை. முகம் கறுத்துப்போய் உள்ளே போனான். மூன்று தேசிக்காயையும் சில மிளகாய்களையும் கம்பியில் கோத்து வந்து ஹாண்டிலில் கட்டினான்.

"இதை அடிலெய்ட் போய்ச் சேருமட்டும் கழட்டாதை. எறியவும் கூடாது, தின்னவும் கூடாது. கழட்டத்தான் வேணுமெண்டால் சில்லுக்குக் குடுத்து நசி."

நீலமலை ஏறும்வரை அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தேன். மலை ஏறும்போது சிரிக்க மூச்சு இல்லை. புரோக்கன் ஹில் தாண்டியபிறகு சிரிப்பும் வரவில்லை. இரண்டு பக்கமும் சிவப்பு மண், நடுவில் தார், அதில் நான். பேச்சுத்துணைக்கு ஈக்கள்.

அப்படிப் போன ஒருநாள் காலை, மூன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு வந்த ஒரு லொறி என் முழங்கையை உரசாத குறையாகப் போனது. அது கிளப்பிய காற்றில் சைக்கிளோடு பற்றைக்குள் போய் விழுந்தேன். எழுந்ததும் கை காலைப் பார்க்கவில்லை. தேசிக்காய் இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். மூன்றும் காய்ந்து சுருங்கி, ஆனால் பத்திரமாக இருந்தன. என் நாத்திகம்தான் அந்தப் பற்றைக்குள் எங்கோ விழுந்துவிட்டது. இந்தக் காப்பு இல்லாமல் இனி ஓர் அடிகூடப் போகமாட்டேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்று பின்னேரம் பழ ஈச் சாவடி வந்தது. பழங்களை அழுகவைக்கிற பழ ஈ, அடிலெய்ட் இருக்கிற தங்கள் மாநிலத்துக்குள் புகுந்துவிடாமல் இருக்க, வருகிறவர்களின் பழங்களைப் பறித்து டிரம்மில் போடுகிற இடம். அரைக்காற்சட்டையும் முழங்கால்வரை சொக்ஸும் போட்ட வயிற்றுக்கார அதிகாரி ஒருவர் வந்து, பழம் ஏதும் உண்டா என்றார். முகத்திலும் முதுகிலுமாக ஓர் ஊர் ஈயைச் சுமந்துகொண்டு நின்ற நான், இல்லை என்றேன். பொய்யில்லை. வாகனத்தில் தொங்குகிற தேசிக்காயை நம்மவர் யாராவது பழக் கணக்கில் சேர்ப்பார்களா?

அவர் சேர்த்தார். விரலால் தட்டிப் பார்த்து, இது என்ன என்றார். சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் என்றேன். இன்சூரன்ஸ் டிரம்முக்குள் போகவேண்டும், அல்லது இங்கேயே நின்று தின்னலாம் என்றார். எறியவும் கூடாது, தின்னவும் கூடாது என்று நண்பனின் சட்டத்தை நான் ஒப்புவித்தேன். திரும்பிச் சிட்னிக்கே போய்விடுகிறேன் என்றுகூடச் சொன்னேன். வேறு என்னதான் செய்யலாம் என்று அவர் கேட்டார்.

நசுக்கலாம் என்றேன்.

மிளகாயை டிரம்மில் போட்டுவிட்டு, தேசிக்காய்களை அவரே குனிந்து தாரில் வைத்தார். நான் ஏறினேன். விழுந்தேன். மறுபடி ஏறி, மறுபடி விழுந்தேன். இரண்டு கிழமை வெயிலில் அவை பாக்குப்போல இறுகியிருந்தன. கடைசியில் அவர் என் சைக்கிளைத் தூக்கித் தன் பிக்கப்பின் பின்தட்டில் கிடத்தினார். சைக்கிள் வண்டியில் இருந்தால் சைக்கிளும் ஏறின மாதிரித்தானே என்று நியாயம் சொன்னார். எங்கள் ஊர் ஐயர்மார் எவரும் அதைவிட நல்ல பரிகாரம் சொல்லியிருக்கமாட்டார்கள். முன்னுக்குப் போய்ப் பின்னுக்கு வந்து, மூன்றையும் நசுக்கினார். கிடந்த சக்கையைக் கவனமாகக் கூட்டி அள்ளி டிரம்மில் போட்டார்.

சைக்கிளை இறக்கி, நன்றி சொல்லிவிட்டு மிதித்தேன். சாவடி கண்ணுக்கு மறைந்தபிறகுதான் புத்தி வேலை செய்தது. ஏறியது அவருடைய ரயர். அப்படியானால் காப்பும் அவருக்குத்தானே? நினைத்து முடிக்கவில்லை, பின்சில்லு புஸ்ஸென்று காற்றுப் போனது.

ஒட்டுப் போட்டு முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. வெறும் ஹாண்டிலைப் பார்க்க அழுகை வந்தது. கொஞ்சம் அழுதேன், பார்க்க ஆளில்லாத இடம். கண்ணைத் துடைத்துக்கொண்டு மிதிக்கத் தொடங்கியபோது பின்னால் ஒரு வண்டி வந்தது. அது முந்தவில்லை. லைற்றைப் போட்டுக்கொண்டு என் வேகத்திலேயே ஊர்ந்தது. திரும்பினால் அதே பிக்கப். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறாராக்கும், வழிவிடுவோம் என்று ஓரமாக நின்றேன். அவரும் நின்றார்.

சன்னலால் தலையை நீட்டி, "உன் இன்சூரன்ஸ் என் ரயரில் ஒட்டியிருக்கிறது," என்றார். "நீ முன்னுக்குப் போ."

அடுத்த ஊர் வரும்வரை அவர் என்னை முந்தவேயில்லை.