இரவல் வாங்கிய முன்பள்ளி

சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில், வன்னியில் ஒட்டுசுட்டானுக்கு உட்பக்கமாக ஒரு முன்பள்ளியில் நான் ரீச்சராக இருந்தேன். நாலு பக்கமும் அரைச்சுவர், மேலே தென்னோலை பின்னிய கிடுகுக் கூரை. அந்தக் கிடுகும் உக்கிப்போயிருந்தது. போன மாரி மழையில் பிள்ளைகள் நனைந்து காய்ச்சலில் விழ, தாய்மார் அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள். இந்த மாரியும் அப்படிப் போனால் முன்பள்ளியை மூடிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். கூரைக்குத் தகரம் கேட்டு எழுதிப் போட்டேன். அதிகாரி ஒருவர் நேரில் பார்வையிட வருவார் என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகுதான் என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. யாராவது வருகிறார்கள் என்றால் குறை தெரியாமல் காட்டுவதுதான் எங்கள் பழக்கம். பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கிழிந்த பாயையா விரிப்போம்? இடம்பெயர்ந்து திரும்பி வந்த ஊரில் எந்த வீட்டிலும் முழுச் சாமான் கிடையாது. ஆனால் வீட்டுக்கு ஒரு நல்ல சாமானாவது இருந்தது. கலியாணம் என்றால் அவ்வளவும் ஒரே வீட்டில் வந்து சேரும், முடிந்ததும் திரும்பிப் போகும். நான் முன்பள்ளிக்குக் கலியாணம் வைத்தேன்.

சைக்கிளில் வீடு வீடாகப் போனேன். கடைக்கார நானா மணிக்கூட்டைக் கழற்றித் தந்தார். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய அக்கா ஒருவரின் கண்ணாடி அலுமாரி உழவு இயந்திரப் பெட்டியில் வந்து இறங்கியது. கதிரை, முதலுதவிப் பெட்டி, விளையாட்டுச் சாமான், மூடி போட்ட தண்ணீர் வாளி எல்லாம் சேர்ந்தன. கூரையில் வானம் தெரிந்த இடங்களுக்குக் கீழே கலர்க் கடதாசிப் பூக்களை நெருக்கமாகக் கட்டினேன். இறங்கி நின்று பார்த்தபோது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண். அலுமாரியைத் திறந்தார், வாளியைத் திறந்து மூடிப் பார்த்தார், பிள்ளைகளின் நகங்களைப் பார்த்தார். இவ்வளவு வசதியான முன்பள்ளியைத் தான் கண்டதில்லை என்றார். நான் குளிர்ந்துபோனேன். துணுக்காய்ப் பக்கம் பிள்ளைகள் மரத்தடியில் இருக்கிறார்கள், இங்கே ஒரு குறையும் இல்லை, ஆகவே தகரம் அவர்களுக்கே போகட்டும் என்று அடுத்த வசனத்தைச் சொன்னார்.

 உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“தேத்தண்ணி குடிக்கிறியளோ மிஸ்?” என்று கேட்டேன்.

அந்தத் தேத்தண்ணி ஆறுவதற்குள் நானா வந்தார். தொழுகைக்கு நேரம் பார்க்க வேண்டும் என்று பணிவாகச் சொல்லி மணிக்கூட்டைக் கழற்றிக்கொண்டு போனார். பின்னாலேயே உழவு இயந்திரம் வந்தது. பிறகு அதற்கு வேறு வேலை இருக்கிறதாம். அலுமாரி ஏறியது. வாளியும் முதலுதவிப் பெட்டியும் போயின. கடைசியாக ஒருவர் வாசலில் வந்து நின்றார். அதிகாரி அவரைப் பார்த்தார், தான் இருந்த கதிரையைப் பார்த்தார், எழும்பிவிட்டார்.

“ரீச்சர், இதில உங்கட எது?”

வெட்கத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

“கூரை மட்டும்தான் மிஸ்.”

“அப்ப அதைக் காட்டுங்கோ.”

பிள்ளைகள் இருக்கும் வாங்கில் ஏறி நின்று பூக்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். தரையெல்லாம் வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. பிள்ளைகள் அவற்றை மிதித்து விளையாடத் தொடங்கினார்கள். நான் மறைத்து வைத்திருந்த அந்த ஒரே சொந்தச் சாமானை அதிகாரி நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, துணுக்காய்ப் பிள்ளைகளையும் விட முடியாது, இருக்கிற தகரத்தை இரண்டு இடத்துக்கும் பிரிப்போம் என்றார்.

பாதிக் கூரைக்குத்தான் தகரம் வந்தது. முதல் மழைக்குப் பிள்ளைகள் எல்லாரையும் அந்தப் பக்கம் நெருக்கி இருத்தினேன். எனக்கு அங்கே இடமில்லை. கிடுகுப் பக்கம் நின்று, தலையால் தண்ணீர் ஒழுக ஒழுகப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தேன். அடுத்த நாள் காய்ச்சல் வந்தது எனக்கு மட்டும்தான். அவ்வளவு சந்தோசமாக நான் எந்தக் காய்ச்சலுக்கும் படுத்ததில்லை.