டெல்மரின் ஈயமும் வெர்லீனின் குழலும்

கென்டக்கி மலைப்பக்கத்தில் இருக்கும் எங்கள் துப்பாக்கி கிளப்பில் டெல்மர் புரூயிட்டைப்போல் வாய் நீண்ட ஆள் கிடையாது. பள்ளிக்கூட பஸ்களுக்கு மெக்கானிக். டயர் கடைகளில் சக்கரங்களிலிருந்து கழற்றிப் போடும் ஈய எடைத் துண்டுகளை வாளி வாளியாக வாங்கிவந்து, வீட்டின் பின்கட்டில் உருக்கி, தானே குண்டு வார்ப்பான். கடைக் குண்டு வாங்குகிறவர்களைப் பார்த்தால் அவனுக்கு ஏளனம். வீட்டில் அடுப்பை வைத்துக்கொண்டு ஓட்டலில் சாப்பிடுகிற சோம்பேறிகள் என்பான்.

அவன் மனைவி வெர்லீன்தான் கிளப்பின் பாதுகாப்பு அதிகாரி. அவளுடைய கைத்துப்பாக்கியின் குழலுக்குள் மற்றவற்றில் இருப்பதுபோல, குண்டைச் சுழற்றிவிட வெட்டிய பள்ளங்கள் கிடையாது. உட்சுவரே மழுங்கின மேடுகளாக வளைந்து போகும். அதில் செம்பு உறை போட்ட குண்டுதான் போட வேண்டும், வெறும் ஈயம் போட்டால் உள்ளே அப்பிக்கொண்டு வழி குறுகி, கடைசியில் துப்பாக்கி கையிலேயே வெடித்தாலும் வெடிக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள்.

"வார்க்கத் தெரியாதவன் கட்டிவிட்ட கதை" என்பான் டெல்மர்.

இலையுதிர்காலப் போட்டிக்கு இரண்டு நாள் முன்பு அவன் துப்பாக்கியின் ஸ்பிரிங் உடைந்தது. ஐந்து வருடமாகத் தொடர்ந்து ஜெயித்தவன். மனைவியின் துப்பாக்கியைக் கேட்டான்.

"எடுத்துக்கோ. கடைக் குண்டு போடு" என்றாள்.

"என் குண்டுதான் போடுவேன்."

"சரி. குழல்ல ஈயம் அப்புச்சுன்னா உன் ஈயச்சட்டி என் வீட்டுல இருக்கக் கூடாது. அந்தப் புகைய முழுங்கி முழுங்கி எனக்கு அலுத்துப் போச்சு."

முதல் இரண்டு சுற்று முடிந்ததும் டெல்மர் கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லி என் டிரக்குக்கு வந்தான். அங்கே தூரிகை விட்டுக் குழலில் அப்பிய ஈயத்தைச் சுரண்டினான். காவலுக்கு நின்றது நான். எனக்கு வெட்கமில்லை, வருடா வருடம் இரண்டாவதாக வரும் அந்தப் பல் டாக்டர் லாங்கோ ஜெயிப்பதைப் பார்க்க என்னால் முடியாது.

அப்புறம் மேகம் கறுத்தது. மழைக்கு முன் முடித்துவிடலாமென்று கடைசி இரண்டு சுற்றையும் சேர்த்தே நடத்தினார்கள். சுரண்ட நேரமே இல்லை.

இன்னும் ஆறு குண்டு பாக்கி. டெல்மர் இரண்டு புள்ளி முன்னால் இருந்தான். ஆனால் தாளில் விழுந்த ஓட்டைகள் நீள நீளமாக இருந்தன. குண்டு பக்கவாட்டில் புரண்டு போகிறது. சத்தமும் மாறிவிட்டது. வெர்லீன் காலடியில் தெறித்த வெற்றுத் தோட்டாக் கூட்டை எடுத்துப் பார்த்தாள். குழலுக்குள் அழுத்தம் ஏறி, கூட்டின் வயிறு புடைத்திருந்தது.

"நிறுத்து. துப்பாக்கியக் கீழ வை."

அதிகாரி நிறுத்தினால் மிச்சக் குண்டுகளுக்குப் புள்ளி கிடையாது. டெல்மருக்கு முகம் சிவந்தது.

"ஆறே ஆறு குண்டுடி. ஜெயிச்சிருவேன்."

"உனக்கு கையில ஆறு விரல் இருந்தா, ஒண்ணு போனாப் போகட்டும்னு விட்டிருப்பேன். அஞ்சுதான இருக்கு."

வாங்கி, குண்டு இல்லையென்று பார்த்துவிட்டு, குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து அவனிடம் காட்டினாள். உள்ளே சளி பிடித்த மூக்குபோல ஈயம் அடைத்துக் கிடந்தது.

"என் தோள்பட்டை கெட்டதிலேருந்து உன்னோட அந்தக் கைதான் எனக்குத் தலை பின்னுது" என்று மெதுவாகச் சொன்னாள். "பயந்துட்டேன் டெல்மர்."

டெல்மர் காதடைப்பைக் கழற்றி மேசையில் வைத்தான். லாங்கோ கோப்பையை வாங்கிக்கொண்டு போனான். பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

ஈயச்சட்டி இப்போது என் கொட்டகையில் இருக்கிறது. டெல்மர் திருந்தினானா என்றால், அதுதான் இல்லை. போன மாதம் கல்யாண நாளுக்கு அவளுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தான். பிரித்தால், அவள் துப்பாக்கிக்குப் பொருந்துகிற புதுக் குழல். உள்ளே வெட்டிய பள்ளங்களோடு.

அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது எனக்கா, உன் ஈயத்துக்கா?"

"ரெண்டு பேருக்குந்தான்."

"வெக்கங்கெட்டவன்" என்று சொல்லிவிட்டு, நாற்காலியைத் திருப்பிப்போட்டு அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். அவன் சீப்பை எடுத்தான்.