அருளப்ப மேஸ்திரியின் இடது கால்

இதனால் சகல ஜனங்களுக்கும் மிகுந்த மரியாதையுடன் அறிவிப்பது யாதெனில், பிரேசர் டவுனில் எங்கள் மாமாவின் அச்சுக்கூடத்தில் பதினோரு வருஷமாக உத்தியோகம் பார்த்துவந்த மர முக்காலி ஒன்று, போன மாதத்து மழைச் செவ்வாய்க்கிழமையிலிருந்து வேலையில்லாமல் நிற்கிறது. முக்காலி காலி. ஆனால் அதில் உட்கார யாரும் மனுப் போட வேண்டாம். அதன்மேல் எவரும் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. மூன்று கால் கொண்ட அந்த முக்காலி, ஒரே ஒரு காலைத் தன்மேல் தாங்கி ஊழியம் செய்துவந்தது. அந்தக் கால் எங்கள் அச்சுக்கோக்கும் மேஸ்திரி அருளப்பனுடையது. இடது கால்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அவருடைய தங்கை மரியம்மாள், கையில் குடை இருந்தும் விரிக்காமல் நனைந்துகொண்டு வந்து வாசலில் நின்றார்.

"அண்ணன் விடிகாலையில போய்ட்டாருங்க," என்றார் மாமாவிடம். "நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு. மூணு நாள்தான். கால் இல்லீங்க, நெஞ்சு."

மாமா எழுந்து நின்றார். "அறிவிப்பு எழுதிக் கொண்டாந்தியாம்மா?" என்று கேட்டார்.

"எழுத வேணாம்னாருங்க. 'பெட்டிக்கு அடியில கட்டி வச்சிருக்கேன், கிழமை மட்டும் சேத்துக்கச் சொல்லு'ன்னாரு."

எழுத்துப் பெட்டிக்கு அடியில் கையை விட்டது நான். சணல் கயிற்றால் இறுகக் கட்டிய ஈய எழுத்துக் கட்டு ஒன்று வந்தது. அதன்மேல் இருந்த தூசி ஒரு வாரத்துத் தூசி அல்ல. அச்சு எழுத்தை வலமிருந்து இடமாகத்தான் படிக்க வேண்டும். படித்தேன். அருளப்பன் கர்த்தருக்குள் காலமானார் என்று இருந்தது. கிழமை இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தில்லாத வெறும் ஈயத் துண்டு. கடைசி வரி: "வருகிறவர்கள் நின்றுகொண்டு அழ வேண்டாம். உட்கார்ந்து அழவும்." சிரிப்பு வந்தது. அதே நேரத்தில் முதுகில் யாரோ ஈரக்கையை வைத்தாற்போல் இருந்தது. அந்த ஈயத் துண்டை எடுத்துவிட்டு 'செவ்வாய்' என்று கோத்தேன். அளவு சரியாக இருந்தது. ஞாயிறாக இருந்தால் ஓர் எழுத்தளவு இடம் மிஞ்சியிருக்கும். மனுஷன் காலமானார் என்ற சொல்லில்கூடக் காலை முன்னால் வைத்துத்தான் போயிருக்கிறார்.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருடைய கல்யாணப் பத்திரிகை அவர் கோத்தது. முப்பது வருஷம் நின்றுகொண்டே கோத்தார். நிற்கிற மனுஷனின் ரத்தம் எங்கே போகும்? கீழே. அவருடைய இடது முழங்காலுக்குக் கீழே நீலமும் பச்சையுமாக நரம்புகள் விரல் தடிமனில் சுருண்டு கிடந்தன. கணுக்காலுக்கு மேலே தோல் வறுத்த காப்பிக்கொட்டை நிறத்துக்கு மாறி, மெழுகுபோல் மினுங்கியது. பயமுறுத்தியது அதுவல்ல. அவர் படுத்துக்கொண்டு காலை உயரத் தூக்கினால், நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அத்தனை நரம்பும் வற்றி மறைந்துவிடும். கால் வெறும் காலாகிவிடும். எழுந்து நின்றால் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும், கூப்பிட்டதுபோல.

காகித வண்டிக்கார முனியப்பா கன்னடக்காரர். ஒருநாள் காகிதக் கட்டு இறக்க வந்தவர், மேஸ்திரி கட்டுத்துணியை அவிழ்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார். "அய்யய்யோ! காலல்லி ஹாவிதே!" என்று கத்தினார். ஹாவு என்றால் பாம்பு. காலில் பாம்பு இருக்கிறது என்கிறார், அவ்வளவுதான். ஆனால் பக்கத்து அறையில் புத்தகம் தைத்துக்கொண்டிருந்த ராஜம்மா அக்காள் சேலத்திலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"டேய் சூசை, என்னடா சொல்றாரு அவரு? ஆவியா?" என்று என்னைக் கேட்டாள்.

எனக்குக் கன்னடம் நன்றாகத் தெரியும். ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். அச்சுக்கூடத்தில் கேலி என்றால் கோத்த எழுத்தை அடுக்குகிற தட்டு. என்னிடம் கேலி என்றால் வேறு.

"ஆமாங்க்கா," என்றேன், குரலைத் தாழ்த்தி. "ஆவிதான். இடது கால்ல குடியிருக்கு. வாடகை கிடையாது."

அதற்குப் பிறகு நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. மேஸ்திரி செய்ததெல்லாம் என் பொய்க்குச் சாட்சி சொன்னது. காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன், பாதம் தரையைத் தொடுமுன், விரலடியிலிருந்து முழங்கால்வரை துணியைச் சுற்றிக் கட்டிவிடுவார் என்று மரியம்மாள் சொல்லக் கேட்டு, "தரையிலேர்ந்து ஏறுமாம், அதான் முந்திக்கிறாரு," என்றாள் ராஜம்மா அக்காள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் காகித அறையில் தரையில் மல்லாந்து படுத்து, குதிகாலைச் சுவரில் உயர்த்தி வைத்து, கைகளை நெஞ்சின்மேல் கோத்து, கண்ணை மூடிக்கொள்வார். அரை மணி நேரம் அசைவிருக்காது. சுற்றிலும் வெள்ளைக் காகிதம். முதல்முறை கதவைத் திறந்து பார்த்த அக்காள் பசைக் கிண்ணத்தைப் போட்டு உடைத்தாள்.

கன்டோன்மென்ட் டாக்டரம்மா ஒருவர், ஆலையிலும் கடையிலும் நின்று வேலை செய்கிறவர்களுக்காகத் தமிழில் ஒரு துண்டுக் காகிதம் அடிக்கக் கொடுத்தார். காலிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுபோகும் குழாய்க்குச் சிரை என்று எழுதியிருந்தார். நான் சும்மா இருப்பேனா? மேஸ்திரி கோத்து வைத்த 'சிரை'யில் ரகரத்தை எடுத்துவிட்டு றகரத்தைச் சொருகினேன். 'காலில் உள்ள சிறை வீங்கும்' என்றாயிற்று. தட்டைத் தூரத்திலிருந்து பார்த்தவுடனேயே கண்டுபிடித்துவிட்டார். அடிப்பார் என்று நினைத்தேன்.

"ரெண்டும் ஒண்ணுதான்டா," என்றார். "ஒரே எடத்துல நிக்க வச்சிட்டா சிரையும் சிறைதான்."

அன்றைக்குத்தான் விஷயத்தை விளக்கினார். குழாய்க்குள் சின்னச் சின்னக் கதவுகள் உண்டு. மேலே போகிற ரத்தத்தை விட்டுவிட்டு, கீழே விழாதபடி சாத்திக்கொள்ளும். நடந்தால் ஆடுசதை பிசைந்து மேலே தள்ளும். நின்றே கிடந்தால் ரத்தம் தேங்கும், குழாய் அகலும், கதவு பொருந்தாது. "கதவு கெட்ட வீடுடா என் காலு. போனவன்லாம் திரும்பி வர்றான்." டாக்டரம்மா நரம்பை முடிச்சுப் போட்டுவிடலாம் என்று இரண்டு தடவை சொல்லியும் அவர் போகவில்லை. கத்தி என்றால் பயம். அதற்குப் பதிலாக எழுத்துக் கோக்கும்போதே இருபது வரிக்கு ஒருதரம் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவார். சாயங்கால இருட்டில் தெருவிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால், தலை ஒன்று மட்டும் சத்தமில்லாமல் உயர்ந்து உயர்ந்து தாழும். அதற்கும் நான் காரணம் வைத்திருந்தேன்: ஆவி தாலாட்டுகிறது.

"டேய், என் காலைப் பத்தி ஊரெல்லாம் என்னமோ பேசுதாமே?" என்று ஒருநாள் கேட்டார்.

"ஆவின்றாங்க மேஸ்திரி."

"இருக்கும், இருக்கும். ராத்திரியில விண்ணுவிண்ணுன்னு என்கூடப் பேசும்." சிரிக்காமல் சொன்னார். "உன் பேரைக்கூடக் கேட்டுச்சு."

அன்றிலிருந்து நான் அந்த முக்காலியை விட்டு ஒதுங்கி நடக்க ஆரம்பித்தேன். நான் விட்ட ஆவி விலாசம் கேட்டுக்கொண்டு என்னிடமே வந்துவிட்டது. வேலை முடிந்து எல்லாரும் போனபின் பெட்டிப் பக்கமிருந்து டிக், டிக் என்று ஈய எழுத்து விழுகிற சத்தம் கேட்கும். எலி என்பார் மாமா. எலிக்கு இருபது வரிக்கு ஒருதரம் நிறுத்தத் தெரியுமா?

இனி நீங்கள் எல்லாரும் கேட்டிருக்கிற கதை. இரண்டு வருஷத்துக்கு முன், மழை பெய்த ஒரு பிற்பகல். மழையில் நனைந்த கட்டுத்துணியை மேஸ்திரி அவிழ்த்து உலரப் போட்டிருந்தார்; எழுத்துத் தட்டின் கூர்முனை அவருடைய வெறும் கணுக்காலில் லேசாக உரசியது. வலியே இல்லை, அவருக்குத் தெரியவும் இல்லை. அவர் பாட்டுக்குக் கோத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அடுக்கியிருந்த வெள்ளைக் காகிதத்தின்மேல் சிவப்புப் புள்ளிகள் விழுந்தன. ஒன்று, நாலு, பிறகு ஒரு வரி. கையில்லாமல் யாரோ அச்சடிப்பதுபோல் வரிமேல் வரி. நான்தான் முதலில் பார்த்தேன். அடுத்துப் பார்த்த ராஜம்மா அக்காள், "ஆவி வெளிய வருதுடீ யம்மா!" என்று அலறிக்கொண்டு ஓடினாள். மிஷின் மிதிக்கிற தாவூத் பாய் அவளுக்கு முன்னால் ஓடினார். மாமா சிட்டி மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். உள்ளே மேஸ்திரியும் நானும் மட்டும்.

நின்றாலும் உட்கார்ந்தாலும் அந்த ரத்தம் நிற்காது. உடனே படுக்க வேண்டும், காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்த வேண்டும், சுத்தமான துணியை மடித்து அந்த இடத்தில் அழுத்த வேண்டும், எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. டாக்டரம்மாவின் காகிதத்தில் இருந்ததுதான். அதன்படி மேஸ்திரியைத் தரையில் படுக்கவைத்து, முக்காலியை இழுத்துப்போட்டு, காலை அதன்மேல் ஏற்றி, முனியப்பா வரும்வரை கால் மணி நேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த வீரன் யார் என்று பிரேசர் டவுனில் எந்தத் தெருவில் கேட்டாலும் என் பெயரைச் சொல்வார்கள். சொல்லும்படி நான் ஏற்பாடு செய்திருந்தேன்.

முனியப்பா வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். "ஹாவும் இல்ல, ஆவியும் இல்ல, ரத்தம்ப்பா இது!" என்று தன் தலைத்துண்டை அவிழ்த்து, அந்த மடித்த துணியின்மேலேயே இறுகச் சுற்றி, மேஸ்திரியைப் படுத்தவாக்கில் காகித வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இன்னும் கொஞ்சம் போயிருந்தால் ஆள் தங்கியிருக்க மாட்டார் என்றார் டாக்டரம்மா. இந்தத் தடவை கேட்கவில்லை. மயக்கம் கொடுத்து, தொடையின் மேற்பக்கம் கீறி, அந்த நரம்பை முடிச்சுப் போட்டார். தையல் பிரித்து வந்த மேஸ்திரி முதலில் ராஜம்மா அக்காளிடம் போனார். "புஸ்தகத்துக்கு நீ போடற முடிச்சுதாம்மா. ஆவியை உள்ள வச்சுத் தச்சிட்டாங்க, பயப்படாதே." அக்காள் அழுதுவிட்டாள். ஆவியை அவளுக்குக் கொடுத்தது யார் என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இப்போது நான் அச்சிலேயே சொல்கிறேன் அக்கா: ஹாவு என்றால் பாம்பு.

அந்தக் கால் பிறகு இரண்டு வருஷம் ஒழுங்காக நடந்தது. பழக்கத்தை மட்டும் அவர் விடவில்லை. கட்டும் முக்காலியும் கடைசிவரை இருந்தன. என் வீரத்தைப் பற்றி யார் கேட்டாலும் மேஸ்திரி தலையை ஆட்டி ஒரே வாக்கியம்தான் சொல்வார்: "பையன் காலை விடவே இல்லீங்க." எல்லாரும் என் முதுகில் தட்டுவார்கள். அவர் என்னைப் பார்க்காமல் எழுத்துப் பெட்டியைப் பார்ப்பார்.

முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்கு இந்தக் காகிதத்தைக் கொடுக்க வேண்டும், நீயே கோத்துவிடு என்று மாமா சொன்னார். ஐந்து நாளாக அவர் இடத்தில் நின்று, இருபது வரிக்கு ஒருதரம் குதிகாலைத் தூக்கி இறக்கிக் கோத்துக்கொண்டிருக்கிறேன். சாயங்காலத்தில் நான் நிறுத்திய பிறகும் சில சமயம் ஒரு டிக் கேட்கிறது. திரும்பிப் பார்ப்பதில்லை. அது எதற்குக் காத்திருக்கிறது என்று தெரியும், சொல்லித் தொலைக்கிறேன்.

ரத்தத்தைப் பார்த்தவுடன் எனக்குக் கண் இருட்டிவிட்டது. ஆவி என் பெயரைச் சொல்லிக் கூப்பிடப்போகிறது என்று நிச்சயமாக நம்பினேன். தரையில் தானே படுத்தது மேஸ்திரி. காலை ஏற்றியது மேஸ்திரி. காலை மடக்கி, துணியைத் தன் கட்டைவிரலாலேயே அழுத்திப் பிடித்திருந்ததும் மேஸ்திரி. "ஒண்ணுமில்லடா, கண்ணை மூடிக்க. நான் பேசிக்கிட்டே இருக்கேன், கேட்டுக்கிட்டே இரு," என்று கால் மணி நேரமும் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒரு காலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அது முக்காலியின் கால்.

முக்காலியை மாமாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். புரட்டிப் பார்த்தால் ஒரு காலில் ஐந்து நகக்குறி ஆழமாக இருக்கிறது. ராஜம்மா அக்காள் அதை ஆவியின் வேலை என்கிறாள். என் விரலை வைத்துப் பார்த்தேன். பொருந்துகிறது.